ஈரமா, வாடையா? கடற்கரை வெக்கையில் இயற்கை டியோடரண்டுக்கு மாறுவது பற்றி

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலோ ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்து டியோடரண்ட் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் எடுத்து வைக்கும் உயரமான டப்பாக்களில் பெரும்பாலானவை வியர்வையை நிறுத்துவதே இல்லை. ஆல்கஹால், வாசனைத் திரவியம், அவற்றை வெளியே தள்ள ஒரு வாயு, அவ்வளவுதான். "அலுமினியம் ஆபத்தாமே, இயற்கைக்கு மாறப் போகிறேன்" என்று சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, கையில் இருக்கும் டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தீர்களா என்றுதான். பலரின் டப்பாவில் அலுமினியம் என்ற சொல்லே இருக்காது. விட்டுவிடப் போவதாக அவர்கள் சொல்லும் பொருளை அவர்கள் இதுவரை பூசியதே இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் மாறுவதா வேண்டாமா என்று பேசுவது வீண். டியோடரண்ட் என்பது வாடைக்கு எதிரானது. வியர்வை வரும்; அது நாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அதன் பொறுப்பு. ஆன்டிபெர்ஸ்பிரண்ட் எனப்படும் வியர்வைத் தடுப்பான் ஈரத்துக்கே எதிரானது. அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டைக் கறாராகப் பார்க்கிறது. அங்கே டியோடரண்ட் அழகுசாதனம், வியர்வைத் தடுப்பான் மருந்து. உடலின் ஒரு செயல்பாட்டை மாற்றுகிறது என்பதுதான் காரணம். ஐரோப்பாவில் இரண்டும் அழகுசாதனப் பட்டியலிலேயே இருக்கின்றன. நம் ஊரில் ரோல்-ஆன் வடிவில் வருபவற்றில் சில வியர்வைத் தடுப்பான்கள். பட்டியலில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் அல்லது அலுமினியம் சிர்க்கோனியம் என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது தடுப்பான். இல்லையென்றால் வெறும் வாசனைதான்.

வியர்வையில் இரண்டு வகை உண்டு என்பது பள்ளிப் பாடத்தில் வேகமாகக் கடந்துபோகும் செய்தி. உடல் முழுவதும் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கும். இவை சுரப்பது ஏறத்தாழ உப்புத் தண்ணீர். உடல் சூட்டைத் தணிப்பது இவற்றின் வேலை. முக்கியமாக அக்குளிலும் தொடையிடுக்கிலும் செறிந்திருக்கும் அப்போகிரைன் சுரப்பிகள் பருவ வயதில்தான் விழித்துக்கொள்கின்றன. கொழுப்பும் புரதமும் கலந்த சற்றே கெட்டியான திரவத்தை அவை வெளியேற்றுகின்றன. எட்டு வயதுப் பையன் வெயிலில் நாள் முழுக்க விளையாடிவிட்டு வந்தாலும் அவன் அக்குள் பெரியவர்களுடையதைப் போல நாறாததற்கு இதுவே காரணம்.

புதிதாகச் சுரந்த வியர்வைக்கு வாடையே கிடையாது, அது அப்போகிரைன் வியர்வையாக இருந்தாலும். அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தத் திரவத்தை உண்டு வெளித்தள்ளும் மூலக்கூறுகளே நாறுகின்றன. கொரினிபாக்டீரியம் வகையினர் ஆட்டு மொச்சை போன்ற, புளித்த வாடை தரும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றனர். வெங்காயம் அழுகியது போன்ற கூர்மையான வாடை கந்தகம் கலந்த தயோஆல்கஹால்களால் வருகிறது. காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வெங்காய வாடைக்கான முக்கியக் குற்றவாளியாக ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியத்தைக் காட்டினார்கள். வாடையில்லாத மூலப்பொருளை அது எப்படித் தனக்குள் இழுத்துக்கொள்கிறது என்பதை 2018-லும், உடைக்கும் நொதியின் அமைப்பை 2020-லும் வெளியிட்டார்கள். இத்தனை பாக்டீரியாக்களில் நாற்றத்துக்குப் பொறுப்பானவை சில வகைகள்தான் என்பது அந்த ஆய்வுகளின் சாரம்.

எல்லோருக்கும் ஒரே அளவு நாறுவதில்லை என்பதற்கு மரபணுவும் சாட்சி. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்குக் காதுக்குறும்பி உலர்ந்து செதிலாக இருக்கும். அக்குள் வாடையும் மிகக் குறைவு. கொரியாவிலும் வடசீனாவிலும் ஜப்பானிலும் இப்படிப்பட்டவர்களே அதிகம். ஈரமான, ஒட்டும் காதுக்குறும்பி உள்ளவருக்கு அக்குளில் வாடைக்கான மூலப்பொருள் நிறையவே சுரக்கும். ஆகவே "எனக்கு எதுவுமே தேவைப்படவில்லை, தண்ணீர் ஊற்றினால் போதும்" என்று இணையத்தில் எழுதுபவரின் அறிவுரையை எடுத்துக்கொள்ளும் முன் அவர் எந்த நாட்டவர் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அலுமினிய உப்பு என்ன செய்கிறது? தோலின் மேல் பூசியதும் அது வியர்வையோடு கலந்து, அதிலுள்ள புரதத்தோடு சேர்ந்து களிபோல் திரண்டு, சுரப்பியின் குழாய் வாயில் தங்கிவிடுகிறது. கிணற்றைத் தூர்த்தது அல்ல; குழாய் முனையில் துணியைச் செருகியது போன்ற வேலை. சில நாட்களில் தோல் உதிரும்போது அதுவும் உதிர்ந்துவிடும். இந்த அடைப்பு முழுமையானதும் அல்ல. அமெரிக்க விதிப்படி வியர்வையை 20 சதவீதம் குறைத்தாலே அந்தப் பெயரில் விற்கலாம். "கூடுதல் திறன்" என்று எழுத 30 சதவீதம் குறைத்தால் போதும். விளம்பரத்தில் வரும் பாலைவனம் போன்ற வறண்ட அக்குள் யாருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தப் பொருளின் வணிக வரலாறு நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமானது. 1888-இல் அமெரிக்காவில் 'மம்' என்ற பெயரில் முதல் வணிக டியோடரண்ட் வந்தது. 1903-இல் 'எவர்ட்ரை' என்ற வியர்வைத் தடுப்பான். அதன்பின் சின்சினாட்டி நகரத்து எட்னா மர்ஃபி என்ற இளம்பெண், மருத்துவரான தன் தந்தை அறுவைச் சிகிச்சையின்போது கை வியர்க்காமலிருக்கத் தயாரித்த அலுமினியம் குளோரைடு திரவத்தை 'ஓடோரோனோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். சிவப்பு நிறம், கடுமையான அமிலத்தன்மை; தோலை எரித்தது, துணியை அரித்தது. ஆனாலும் விற்றது. 1919-இல் ஜேம்ஸ் யங் என்ற விளம்பர எழுத்தாளர், ஒரு பெண்ணின் கையருகே வரும் வாடையைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் அறிவார்கள் என்ற தொனியில் பெண்கள் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் எழுதினார். அருவருப்படைந்த சந்தாதாரர்கள் சுமார் 200 பேர் பத்திரிகையை நிறுத்தினார்கள். விற்பனையோ பாய்ந்து ஏறியது. அதுவரை சாதாரணமாக இருந்த ஒன்றை வெட்கப்பட வேண்டிய குறையாக மாற்றி விற்றதில் அந்த நிறுவனம் அடைந்த வெற்றியை, இப்போது அதே பொருளை நஞ்சு என்று காட்டி மாற்றுப் பொருளை விற்பவர்கள் அடைகிறார்கள். நூறாண்டு கழித்தும் சரக்கு மாறியிருக்கிறதே தவிர, பயம் காட்டி விற்கும் வித்தை மாறவில்லை.

அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை? மார்பகப் புற்றுநோயோடு அலுமினியத்தை இணைக்கும் செய்தி 1990-களின் மின்னஞ்சல் காலத்திலிருந்து சுற்றுகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகிறது. வியர்வை வழியே நச்சு வெளியேறும், அதை அடைத்தால் நச்சு மார்பில் தேங்கும் என்பது அதன் வாதம். வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர். உடலின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். 2002-இல் சியாட்டில் ஆய்வாளர்கள் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வியர்வைத் தடுப்பானோ டியோடரண்டோ, சவரம் செய்தபின் பூசுவதோ நோய்க்கான வாய்ப்பைக் கூட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தோல் வழியே எவ்வளவு அலுமினியம் உள்ளே போகிறது என்று 2001-இல் அளந்த ஒரு சிறிய ஆய்வில் கிடைத்த விடை 0.012 சதவீதம், இரண்டே பேரை வைத்துச் செய்தது என்பதால் அதை ஓரளவுக்குத்தான் நம்பலாம். ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2020-இல், ஸ்ப்ரே அல்லாதவற்றில் 6.25 சதவீதமும் ஸ்ப்ரேயில் 10.6 சதவீதமும் வரை அலுமினியம் இருக்கலாம், அது பாதுகாப்பானதே என்று கருத்துரைத்தது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்மையானவை, அவற்றைப் பயமுறுத்தும் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அலுமினியத் தடுப்பானைப் பூசக் கூடாது. உள்ளே போகும் அலுமினியத்தை வெளியேற்றும் வழி அவர்களுக்குக் குறைவு. மாமோகிராம் எடுக்கப் போகும் நாளில் எதையும் பூசாமல் போக வேண்டும். அலுமினியத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவு போலத் தெரிந்து வீண் கவலையை உண்டாக்கும்.

'கெமிக்கல்' என்றாலே கடலூர்க்காரர்கள் முகம் சுளிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சிப்காட் வேதித் தொழிற்சாலைகளின் அருகே குடியிருக்கும் மக்கள் பல்லாண்டுகளாக இரவுக் காற்றின் வாடையை மூக்கால் உணர்ந்து, இன்ன நேரத்தில் இன்ன வாடை என்று குறித்துவைத்துப் புகார் எழுதியவர்கள். உப்பனாற்றின் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவரிடம் வேதிப்பொருளெல்லாம் ஒன்றல்ல என்று வகுப்பெடுப்பது எளிதல்ல. ஆனாலும் புகைபோக்கியிலிருந்து கேட்காமல் வீட்டுக்குள் நுழையும் வாயுவும், நாமே அளந்து பூசிக்கொள்ளும் உப்பும் ஒரே கணக்கில் வராது.

பயம் காரணமில்லை என்றால் மாறக் காரணமே இல்லையா? இருக்கிறது. வெள்ளைச் சட்டையின் அக்குள் பகுதி மஞ்சளேறி அட்டை போல விறைத்துப்போவது அலுமினியமும் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகவே வாழும் அரசியல்வாதியிடம் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார். சிலருக்கு அரிப்பு வரும். சிலருக்குச் செயற்கை வாசனை தலைவலி தரும். சிலருக்கு வியர்ப்பதை அடைப்பது பிடிக்கவில்லை, அவ்வளவே. பிடிக்கவில்லை என்பதற்குமேல் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் மாறும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இயற்கை டியோடரண்ட் எதுவும் ஈரத்தை நிறுத்தாது. நம் கரையில் இதுதான் பெரிய விஷயம்.

காரணம் காற்றின் ஈரப்பதம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி சூடு போய்விடும்; ஆனால் ஆவியாக வேண்டுமே. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெயில் நம்மைவிடக் கொளுத்தினாலும் அங்கே வியர்வை காய்கிறது. இங்கே பிற்பகலில் கடல்காற்று திரும்பியபின் உடம்பு பிசுபிசுக்கத் தொடங்கினால் இரவு வரை நிற்காது. வியர்வை சூட்டைத் தணிக்காமல் அப்படியே வழிகிறது, அக்குள் நாள் முழுக்க நனைந்தே கிடக்கிறது, பாக்டீரியாக்களுக்கு அதைவிட நல்ல குடியிருப்பு கிடையாது. மே மாதத்தில் கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு மேல்கம்பியைப் பிடித்து வருபவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அக்குளை அடைத்தால் உடம்பு சூடாகிவிடுமோ என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரி: உடலின் மொத்த வியர்வையில் அக்குளின் பங்கு மிகச் சிறியது, முதுகும் நெற்றியும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இயற்கை டியோடரண்ட் என்று உலகெங்கும் விற்கப்படுபவற்றின் அடிப்படைச் செய்முறை குளிர்நாடுகளில் உருவானது. தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், சமையல் சோடா, கூவைக்கிழங்கு மாவு அல்லது சோள மாவு, மணத்துக்கு ஏதாவது தாவர எண்ணெய். பாரிசில் குடியேறிய உறவினர்கள் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. விடுமுறைக்கு வருபவர்கள் சாக்லேட்டோடு இதையும் கொண்டுவருகிறார்கள். லாஸ்பேட்டையில் என் அத்தை வீட்டு அலமாரியில் அப்படி வந்த குச்சி ஒன்றைப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய் தளும்பியது, அடியில் மாவும் சோடாவும் மணல்போலத் தங்கியிருந்தன. "இதைப் பூசுவதா, தாளிப்பதா?" என்று அத்தை கேட்டார். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். தை மாதக் காலையில் சில நாட்கள் மட்டும் நம் வீட்டுப் புட்டியில் அது உறைந்து நிற்கும். மற்ற நாளெல்லாம் தண்ணீர்தான். அப்படி உருகிய குச்சியைச் சட்டைக்குள் பூசிக்கொண்டால் வியர்வைக் கறைக்குப் பதில் எண்ணெய்க் கறை கிடைக்கும். இந்த ஊருக்குக் குச்சி வடிவம் வேண்டுமென்றால் தேன்மெழுகு அதிகம் சேர்த்ததைத்தான் தேட வேண்டும். அது 60 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

சமையல் சோடாதான் இதில் உண்மையாக வேலை செய்யும் பொருள். அமிலத்தன்மை கொண்ட நாற்ற மூலக்கூறுகளை அது முறித்துவிடுகிறது. ஆனால் தோலும் ஓரளவு அமிலத்தன்மை உடையது; அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சோடாக் கரைசல் 8-க்கு மேல். தினமும் தேய்த்தால் சில வாரங்களில் பலருக்குச் சிவந்து எரியும், தோல் உரியும். நம் மாநிறத் தோலில் எரிச்சல் ஆறியபின் கருமை தங்கிவிடுவது இன்னொரு தொல்லை. அக்குள் கறுப்பைப் போக்க எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து மறுபடியும் எரிச்சலைக் கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரலாம். 'இயற்கை' என்று அச்சிட்டிருப்பதை நம்பி இத்தனையும் நடக்கிறது. அழகுசாதனங்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்கூட வரையறுத்து வைக்கவில்லை. லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்களும் ஒவ்வாமை உண்டாக்குபவைதாம்.

இனி நம் பக்கத்துச் சரக்குக்கு வருவோம். பெரிய கடைகளில் 'அலுமினியம் இல்லாதது' என்ற பேச்சோடு அழகான பெட்டியில் விற்கும் 'கிரிஸ்டல் டியோடரண்ட்' வேறொன்றுமில்லை, படிகாரம். வேதியியலில் அது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பெயரிலேயே அலுமினியம் இருக்கிறது. கெட்டிக்கார நிறுவனங்கள் 'அலுமினியம் குளோரோஹைட்ரேட் இல்லை' என்று எழுதித் தப்பித்துக்கொள்கின்றன. வாங்குபவர் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். இதே பொருள் எந்தவொரு நாட்டுமருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான் வாங்கப் போனபோது கடைக்காரர், "கட்டித் தொங்கவிடவா தம்பி, சவரத்துக்கா?" என்று கேட்டார். கண்திருஷ்டிக்கென்றால் கயிறு கட்ட வசதியான முழுக் கட்டி, சவரத்துக்கென்றால் உள்ளங்கையில் அடங்குவது. அக்குளுக்கு என்று சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, முனை மழுங்கிய துண்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தக் கவனம் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்காது. படிகாரத்தின் உடைந்த விளிம்பு நன்றாகவே கிழிக்கும்.

அதனால் பயன் உண்டா என்றால், உண்டு. குளித்து முடித்து அக்குள் ஈரமாக இருக்கும்போதே கட்டியைச் சில முறை தேய்த்து, காயவிட்டுச் சட்டை அணிய வேண்டும். தோலின் மேல் மெல்லிய உப்புப் படலம் படியும். அது துவர்ப்பால் தோலைச் சுருக்கி, பாக்டீரியாக்கள் பெருகுவதை மட்டுப்படுத்துகிறது. வாடை குறைகிறது, ஈரம் ஏறக்குறைய அப்படியே. எண்ணெய் இல்லை, கறை இல்லை, உருகாது. ஆனால் அலுமினியத்துக்கு அஞ்சி மாறுபவர் இதற்கு மாறினால் அஞ்சிய பொருளைத்தான் வேறு உருவில் தேய்த்துக்கொள்கிறார். சவரம் செய்த கையோடு தேய்த்தால் எரியும் எரிச்சலில் எல்லாத் தத்துவமும் மறந்துபோகும்.

வெட்டிவேரைச் சொல்லாமல் கடலூரில் மணத்தைப் பற்றிப் பேச முடியாது. நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கத்துக் கடலோர மணற்பாங்கான நிலங்களில் அது பயிராகிறது. மணலில் விளைவதால் வேரைச் சேதமில்லாமல் தோண்டி எடுப்பது எளிது. வேரைத் தண்ணீர்ப் பானையில் போடுவதும், ஊறிய நீரில் குளிப்பதும், நலங்கு மாவில் பூலாங்கிழங்கோடும் கோரைக்கிழங்கோடும் அரைத்துச் சேர்ப்பதும் பழைய வழக்கம். அதன் எண்ணெய் மெதுவாக ஆவியாவதால் மணம் நெடுநேரம் நிற்கும். வாசனைத் தொழிலில் அதற்குள்ள மதிப்பே அதனால்தான். எனக்கு அந்த மண்வாசம் பிடிக்கும். ஆனாலும் வெட்டிவேர் எண்ணெய் சேர்த்த டியோடரண்ட் என்றால் அது நல்ல வாசனைத் திரவியம், அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நலங்கு மாவு வேறு வழியில் பயன்படுகிறது: தேய்த்துக் கழுவும்போது அக்குளில் தங்கிய பிசுக்கும் பழைய படிவும் போகின்றன. சோப்போ பயத்தம்மாவோ, அந்தத் தேய்ப்பும் அதன்பின் நன்றாகத் துடைத்து உலர்த்துவதும்தான் எந்த டியோடரண்டுக்கும் அடிப்படை. இங்கே கோடையில் இரண்டு வேளைக் குளியல் ஆடம்பரம் அல்ல.

டால்கம் பவுடரை நம் ஊர் மறக்காது. அக்குளிலும் கழுத்திலும் கொட்டிக்கொண்டு கிளம்புவதுதான் பலருக்கு இன்றும் டியோடரண்ட். அது ஈரத்தைச் சற்று உறிஞ்சும், பின் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அலுமினியத்துக்கு அஞ்சிப் பவுடருக்குத் திரும்புபவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற வரிசையில் சேர்த்தது டால்கைத்தான், வியர்வைத் தடுப்பானை அல்ல. அந்த வரிசை ஆதாரத்தின் வலுவைச் சொல்வதே தவிர எவ்வளவு பூசினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. ஆகையால் பவுடர் டப்பாவைத் தூக்கி எறிய நான் சொல்லவில்லை.

புதிய வகைகளில் எனக்கு நம்பிக்கை தருபவை இரண்டு. ஒன்று, ஆமணக்கெண்ணெயிலிருந்து கிடைக்கும் ரிசினோலிக் அமிலத்தோடு துத்தநாகத்தைச் சேர்த்த ஜிங்க் ரிசினோலியேட். நாற்ற மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தோலை அவ்வளவாகச் சீண்டாது. உலகில் அதிக ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான் என்றாலும் இந்தப் பெயரை நம் கடைகளில் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று மக்னீசியம் ஹைட்ராக்சைடு. சோடாவின் வேலையைச் செய்யும், ஆனால் தண்ணீரில் அதிகம் கரையாததால் எரிச்சல் குறைவு. புதுச்சேரியையும் ஆரோவில்லையும் சுற்றிச் சிறிய அளவில் சோப்பும் தைலமும் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது சோடா இருக்கிறதா, எந்தப் பருவத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று நேரில் கேட்க முடிகிறது. வெளிநாட்டுப் பெட்டியிடம் அதைக் கேட்க முடியாது.

மாறியவர்கள் எல்லோரும் சொல்வது முதல் சில வாரங்களின் அவதி. இதற்கு 'நச்சு நீக்கம்' என்று பெயர் வைத்து, களிமண் பூச்சு விற்கிறார்கள். நீங்க வேண்டிய நச்சு எதுவும் அங்கே இல்லை. நடப்பது வேறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 17 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், எதையுமே பூசாதவர்களின் அக்குளில் கொரினிபாக்டீரியம் 62 சதவீதம் இருந்தது. வழக்கமாகத் தடுப்பான் பூசிவந்து நிறுத்தியவர்களிடம் அது 14 சதவீதம்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் குடும்பம் 60 சதவீதத்தைப் பிடித்திருந்தது. நிறுத்திய சில நாட்களிலேயே பாக்டீரியாக்களின் எண்ணிக்கை மற்றவர்களுக்கு இணையாக ஏறிவிட்டது. அதாவது அடைப்பு நீங்கி ஈரம் திரும்புகிறது, குடித்தனக்காரர்கள் மாறுகிறார்கள், அதுவரை நம் மூக்குக்குப் பழக்கமில்லாத வாடை வருகிறது. சில வாரங்களில் சிலருக்குத் தணிகிறது. சிலருக்குத் தணிவதில்லை, பொறுமை போதவில்லை என்று அவர்களைக் குறைசொல்வது அநியாயம். மாறுவதென்றால் மார்கழி, தை மாதங்களில் தொடங்குவது புத்திசாலித்தனம். சித்திரையில் தொடங்கி, இயற்கை ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

துணியையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ் காலவேர்ட்டும் குழுவினரும் 26 பேருக்குக் கடும் உடற்பயிற்சி கொடுத்து, அவர்கள் போட்டிருந்த டி-ஷர்ட்டுகளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டர் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியம் பாலியெஸ்டரில் செழித்திருந்தது. நம் பள்ளிச் சீருடைகளும் நிறுவனச் சீருடைகளும் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தவை என்பதையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் இரண்டு நாள் அரைகுறையாகக் காய்ந்த சட்டையைத்தான் அணிகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாதி வாடை அக்குளில் இல்லை, சட்டையில் இருக்கிறது. புதிய டியோடரண்டைக் குறை சொல்லும் முன் பழைய சட்டையின் அக்குளைக் காய்ந்த நிலையில் முகர்ந்து பார்க்கலாம். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தும் வாடை போகாத சட்டைக்கு எந்த டியோடரண்டும் ஈடுகொடுக்காது.

மாறவே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். சட்டை நனைந்து வேலைக்கே போக முடியாத அளவு வியர்ப்பது ஒரு மருத்துவ நிலை. அதற்குத் தோல் மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவதே கூடுதல் செறிவுள்ள அலுமினியம் குளோரைடுதான். அதற்குமேல் போடாக்ஸ் ஊசி போன்ற வழிகளும் உண்டு. ஜிப்மரிலும் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவில் காட்டலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. திடீரென்று இரவில் உடை நனைய வியர்த்தாலோ, அதோடு காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தாலோ டியோடரண்டைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் வீட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன. சாதாரண நாட்களில் படிகாரமும் பருத்திச் சட்டையும். கல்யாணத்தில் பட்டுச் சட்டை அணிந்து மண்டபத்தில் நிற்க வேண்டிய நாளில் அலுமினிய ரோல்-ஆன். அதைக் காலையில் அவசரத்தில் பூசிப் பயனில்லை. இரவில் வியர்வை குறைந்து, தோல் உலர்ந்திருக்கும்போதுதான் உப்பு குழாய்க்குள் இறங்கித் திரள நேரம் கிடைக்கிறது. ஆகவே முதல்நாள் இரவு படுக்கப் போகும்முன் பூசிவிட வேண்டும், காலையில் குளித்தாலும் அந்த அடைப்பு போகாது.